பலகை விட்டுக்கொடுத்த கோடு

1904ஆம் ஆண்டு ஜூலையில் டோக்கியோவில் வெளிவந்த ‘ம்யோஜோ’ என்ற இலக்கிய இதழில் ஒரு சிறிய படம் அச்சாகியிருந்தது. சோஷி என்ற கடலோர ஊரின் மீனவர் ஒருவர் நிற்கிறார். முகம் நமக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. பார்வை கடல் பக்கம் போயிருக்கிறது. கறுப்பும் காவியேறிய மஞ்சளுமாக இரண்டே நிறங்கள். கோடுகளில் மழமழப்பு இல்லை. உளி மரத்தைக் கடித்த இடமெல்லாம் கடித்தபடியே தெரிகிறது.

வரைந்தவர் யமமோதோ கனயே. அப்போது இருபத்தோரு வயது ஓவிய மாணவர். அவரே வரைந்தார், அவரே செதுக்கினார், அவரே அச்சிட்டார். இன்று இதைச் சொன்னால், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஓவியர் தன் படத்தைத் தானே செய்யாமல் வேறு யார் செய்வார்கள்? ஆனால் அன்றைய ஜப்பானில் அது யாரும் எதிர்பாராத காரியம். அவருடைய நண்பர் இஷி ஹகுதெய் அதே இதழில் அதை வரவேற்று எழுதினார். அந்தப் படத்தைக் குறிக்க வழக்கத்திலிருந்த சொற்கள் போதாமல், ‘தோகா’ என்றொரு சொல்லைப் பயன்படுத்தினார். உளியால் தீட்டிய ஓவியம் என்று பொருள் கொள்ளலாம். தூரிகை இருக்க வேண்டிய இடத்தில் உளி வந்து உட்கார்ந்துவிட்டது.

ஜப்பானிய மரப்பலகை அச்சு என்றதும் நம் மனதுக்கு வருவது ஹொகுசாயின் பேரலை. கரை மீறி வளைந்து, நுரை விரல்களை நீட்டி, தூரத்து ஃபூஜி மலையை விழுங்க வருவதுபோல் நிற்கும் அந்த அலையை ஹொகுசாய் செதுக்கவில்லை, அச்சிடவுமில்லை. ஹொகுசாய் வாழ்ந்த எடோ காலத்து அச்சுப்படம் நான்கு பேருடைய வேலை. ஓவியர் மெல்லிய தாளில் கோட்டுப்படம் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளைக் காட்டுச் செர்ரி மரப் பலகைமேல் குப்புற ஒட்டி, பின்பக்க நார்களை விரலால் தேய்த்து எடுத்துவிட்டு, கோடு மட்டும் பலகைமேல் படர்ந்திருக்க, ஒவ்வொரு கோட்டின் இரு கரைகளையும் கத்தியால் வெட்டுவார். அச்சிடுபவர் நிறத்துக்கு ஒரு பலகையாக மாற்றி மாற்றி ஒரே தாளில் இறக்குவார். இவர்கள் எல்லோரையும் சேர்த்து, பணம் போட்டு, விற்பனைக்குக் கொண்டுபோகிறவர் பதிப்பாளர்.

இதில் என்னை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்று உண்டு. ஓவியர் வரைந்த மூலம் செதுக்கும்போதே அழிந்துபோகிறது. பலகையில் கோடு பிறக்கும் கணத்தில், தாளில் இருந்த கோடு சிராய்த் தூளோடு சேர்ந்து குப்பையில் விழுகிறது. பேரலைக்கு ஹொகுசாய் கைப்பட வரைந்த மூலம் என்று ஒன்று இன்று இல்லை. நாம் பார்ப்பதெல்லாம், பெயர் தெரியாத ஒருவர் ஹொகுசாயின் கையை எவ்வளவு தூரம் புரிந்துகொண்டார் என்பதைத்தான். ஒரு பெண்ணின் நெற்றியோரத்து முடிக்கற்றையை மயிரிழை மயிரிழையாகப் பலகையில் நிற்க வைத்த அந்தக் கைகளுக்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன். ‘தானே செய்தவன்தான் கலைஞன்’ என்று கனயேயின் தலைமுறை முழங்கியபோது, அந்தச் செதுக்குநர்களை வெறும் கூலிக்காரர்களாகத் தள்ளிவிடும் ஒரு தொனி அதில் இருந்தது. அதை நான் ஏற்கவில்லை. தன்னை முழுதும் மறைத்துக்கொள்ளத் தெரிந்த கையும் கலைஞனின் கைதான்.

ஆனாலும் அந்த மீனவரின் படத்தை மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்க்கிறேன். ஏனென்றால் அதில் வேறொன்று நடந்திருக்கிறது. கனயே சிறு வயதிலேயே மரச்செதுக்குப் பட்டறையில் தொழில் பழகியவர். ஐரோப்பிய முறையில், மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பில் நுணுக்கமாகச் செதுக்கிப் புத்தகங்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் படம் தயாரிக்கும் வேலை அது. பிறர் வரைந்ததைப் பிசகாமல் செதுக்க அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவர் ஓவியப் பள்ளிக்குப் போய், வரையவும் கற்றுக்கொண்டு, பிறகு பலகைக்குத் திரும்பி வந்தபோது, கற்ற வித்தையை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்தார். நேர்த்தியாகச் செதுக்கத் தெரிந்தவர் முரட்டுத்தனமாகச் செதுக்கினார். இயலாமையால் வரும் முரட்டுத்தனம் வேறு, இது வேறு. பலகையில் எதைச் சொல்ல முடியுமோ அதை மட்டும் சொல்வது என்று எடுத்த முடிவு இது.

இதைப் படித்து மட்டும் தெரிந்துகொண்டிருந்தால் எனக்குப் பிடிபட்டிருக்காது. பல வருடங்களுக்கு முன்னால் மூன்று நாள் பட்டறை ஒன்றில் உட்கார்ந்து ஒரு பலகையைச் செதுக்கினேன். கையகலப் பலகை. ஒரு மரமும், அதன் கீழே ஒரு கிணறும், ஓரத்தில் என் பெயரின் முதலெழுத்தும். அவ்வளவுதான் திட்டம். பென்சிலால் வரைந்தபோது எல்லாம் அழகாக இருந்தது. உளி இறங்கியதும் நிலைமை மாறியது. மரத்தின் ரேகையோடு போனால் உளி வழுக்கிக்கொண்டு ஓடியது. ரேகைக்குக் குறுக்கே போனால் திணறியது, விளிம்பு பிய்ந்து சிலாம்பு தெறித்தது. கிணற்றின் வட்டத்தில் கால்வாசி ரேகையோடு, கால்வாசி ரேகைக்கு எதிராக, மீதி இரண்டும் இடைப்பட்டதாக இருந்தன. ஒரே வட்டத்தைப் போட நான்கு விதமான கை வேண்டியிருந்தது. பென்சிலுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. தாள் எந்தப் பக்கம் போனாலும் சரி என்றுதான் சொல்லும்.

இன்னொன்றும் அங்கேதான் உறைத்தது. உளி வெட்டுகிற இடம் படத்தில் வெள்ளையாகப் போய்விடும். விட்டு வைக்கிற இடம்தான் கறுப்பாக வரும். அதாவது, எதைக் காட்ட வேண்டுமோ அதைத் தொடவே கூடாது. காட்ட வேண்டாததையெல்லாம் பாடுபட்டு அகற்ற வேண்டும். அதோடு இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறும். ‘க’ என்ற எழுத்தைத் திருப்பிப் போட்டுச் செதுக்கும்போது, ஐந்து வயதிலிருந்து எழுதி வருகிற எழுத்து முன்பின் தெரியாத ஒருவருடைய முகம்போல் ஆகிவிட்டது. பழக்கம் கைவிட்டுவிட்ட பிறகு, பார்ப்பது ஒன்றுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் மாலை அச்சிட்டபோது, மரத்தின் அடிப்பாகத்தில் ஒரு கோடு எனக்குப் பிடித்திருந்தது. வேர் மண்ணைப் பற்றும் இடம். நான் போட்ட கோடு அல்ல அது. உளி ரேகையோடு வழுக்கி, நான் நிறுத்த நினைத்த இடத்தைத் தாண்டிப்போய், தானாக நின்ற இடம். அன்று அதைத் தவறு என்று நினைத்து வருந்தியிருந்தேன். தாளில் அது வேராக இருந்தது.

தானே செதுக்குகிற ஓவியருக்குக் கிடைப்பது இதுதான் என்று நினைக்கிறேன். வரைபவரும் செதுக்குபவரும் வேறு வேறு ஆளாக இருக்கும்போது, பலகையின் மறுப்பு ஓவியரின் காதுக்கு எட்டுவதே இல்லை. செதுக்குநர் தன் திறமையால் அந்த மறுப்பை அடக்கி, ஓவியர் கேட்டதைக் கொடுத்துவிடுகிறார். இருவரும் ஒருவரே ஆகும்போது, படம் வழியிலேயே மாறத் தொடங்குகிறது. நினைத்த கோட்டுக்கும் பலகை விட்டுக்கொடுத்த கோட்டுக்கும் நடுவே ஒரு பேச்சு நடக்கிறது. முடிவில் தாளில் இருப்பது அந்தப் பேச்சின் தடம்.

அச்சிடுவதிலும் இதே கதைதான். இங்கே இயந்திரம் கிடையாது. பலகையில் நீரில் கரைத்த நிறத்தையும் கொஞ்சம் அரிசிப் பசையையும் சேர்த்துக் குதிரைமயிர்த் தூரிகையால் பரத்துகிறார்கள். ஈரப்பதம் ஏற்றிய தாளைப் பலகைமேல் வைக்கிறார்கள். தாள் ‘கோஸோ’ செடியின் பட்டை நாரில் செய்தது. நீள நார்கள் என்பதால் ஈரத்திலும் கிழியாது. பிறகு ‘பாரென்’ என்ற வட்டத் தேய்ப்பானால் தாளின் முதுகில் அழுத்தித் தேய்க்கிறார்கள். நல்ல பாரெனை ஒரு சின்னக் கட்டடம் என்றே சொல்லலாம். மெல்லிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்கு ஒட்டி அரக்கு பூசிய தட்டு. அதற்குள் மூங்கில் மடலைக் கீறி முறுக்கிய கயிற்றுச் சுருள். இரண்டையும் மூடி, முழு மூங்கில் மடல் ஒன்றை நனைத்து இழுத்துக் கட்டி, அந்தக் கட்டையே பிடியாகத் திருகிவிடுகிறார்கள். வழுக்கிக்கொண்டு போவதற்குத் துளி காமெலியா எண்ணெய். மடல் தேய்ந்து கிழிந்தால் புது மடல் கட்ட வேண்டும். தன் பாரெனுக்குத் தானே மடல் கட்டத் தெரிவது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

நிறம் தாளின் மேலே உட்காருவதில்லை, நாருக்குள் இறங்குகிறது. அதனால்தான் இந்தப் படங்களின் கறுப்புக்கு எண்ணெய்ப் பூச்சின் பளபளப்பு இல்லை. மழைக்குப் பிறகு நனைந்த மண்சுவரைப்போல் உள்ளிருந்து கருத்திருக்கும். பாரென் சுற்றிய வட்டத் தடங்கள் தெரியக்கூடாது என்று பழைய அச்சுநர்கள் கவனமாக இருந்தார்கள். தாங்களே அச்சிட்ட புதியவர்கள் சிலர் அவற்றைத் தெரியும்படியே விட்டார்கள். கை போன வழி அங்கே இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

நிறங்கள் ஒன்றோடொன்று பிசகாமல் விழுவதற்குப் பலகையிலேயே இரண்டு அடையாளங்களைச் செதுக்கி வைப்பார்கள். மூலையில் ‘ட’ வடிவப் பள்ளம் ஒன்று, அதே விளிம்பில் தள்ளி நேர்க்கோட்டுப் பள்ளம் ஒன்று. தாளின் மூலையும் விளிம்பும் அவற்றில் போய் முட்ட வேண்டும். ‘கென்தோ’ என்று பெயர். ஜப்பானியர் அன்றாடப் பேச்சில் உத்தேசம், கணிப்பு என்பதற்கும் இதே சொல்லைச் சொல்கிறார்கள். காற்றில் ஈரம் குறைந்தால் தாள் சுருங்கும். சுருங்கினால் கென்தோ இருந்தும் நிறம் விலகும். ஆக, வானிலையும் இந்த வேலையில் ஒரு பங்காளி.

கனயேயும் நண்பர்களும் 1907இல் ‘ஹோசுன்’ என்றொரு இதழைத் தொடங்கினார்கள். சிறுபத்திரிகை நடத்திய, நடத்துகிற எவருக்கும் இந்த வரலாற்றின் இந்தப் பகுதி நெருக்கமாக இருக்கும். ‘சோசாகு ஹன்கா’, அதாவது படைப்பு அச்சோவியம் என்று பிறகு பெயர் பெற்ற இந்த இயக்கம் கூடங்களில் வளரவில்லை. கண்காட்சி மண்டபங்கள் அதை வெகுகாலம் உள்ளே விடவில்லை; அரசின் வருடாந்தர ஓவியக் கண்காட்சியில் அச்சோவியத்துக்கு இடம் கிடைத்தது 1927இல்தான். அதுவரையிலும், அதற்குப் பின்னும், அது வாழ்ந்தது சின்ன இதழ்களில். கையில் எடுத்துப் புரட்டி, நண்பருக்குக் கொடுத்து, திரும்பி வராமலே போகிற இதழ்களில்.

அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது ‘ட்சுகுஹாயே’. நிலவொளி என்று பொருள் சொல்லலாம். ஒன்சி கோஷிரோ, தனகா க்யோகிச்சி, ஃபுஜிமோரி ஷிஸுவோ என்ற மூன்று மாணவர்கள் நடத்தியது. முதலில் தங்களுக்குள் மட்டும் சில படிகளைக் கையாலேயே அச்சிட்டுச் சேர்த்தார்கள். பிறகு 1914 செப்டம்பரிலிருந்து 1915 நவம்பர் வரை ஏழு இதழ்கள், இதழுக்கு 200 படிகள். தனகாவுக்குக் காசநோய். செதுக்குவது உடம்பை வருத்தும் வேலை. பலகைமேல் கவிந்து நெஞ்சை அழுத்திக்கொண்டு மணிக்கணக்கில் செய்வது. நோயோடு அவர் செதுக்கினார். முடியாமல் போனபோது சொந்த ஊரான வகயமாவுக்குத் திரும்பி, மருந்துப் பொட்டலம் மடிக்கும் தாளில் வரைந்துகொண்டிருந்தார். 1915 அக்டோபரில் இறந்தபோது வயது இருபத்து மூன்று. அடுத்த மாதம் இதழும் நின்றது.

கவிஞர் ஹகிவரா சகுதரோ தன் முதல் தொகுப்புக்குத் தனகாவின் படங்களைத்தான் கேட்டிருந்தார். 1917இல் அந்த நூல் வந்தபோது, இறந்த நண்பனின் படங்களைத் தேர்ந்து அடுக்கி, விட்டுப்போன இடங்களைத் தன் படங்களால் நிரப்பி நூலை முடித்துக் கொடுத்தவர் ஒன்சி. நண்பனுடைய கோட்டுக்குப் பக்கத்தில் தன் கோட்டை வைப்பதற்கு எத்தனை பணிவு வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

1915இல் ஒன்சி செதுக்கிய ஒரு படத்தில் அடையாளம் காணக்கூடிய பொருள் எதுவும் இல்லை. ‘ஒளிமிக்க வேளை’ என்று பெயர். வடிவங்கள், நிறங்கள், அவற்றின் அசைவு மட்டும். ஜப்பானின் முதல் அரூப ஓவியங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். வழியில் ஒருவரும் நடந்திராத இடத்துக்கு, கையகலப் பலகையும் உளியும் கொண்டு ஒரு மாணவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒன்சி பிறகு எதை வேண்டுமானாலும் அச்சுப் பலகையாக்கினார். கயிறு, இலை, அட்டை, துணி. பல படங்களை ஐந்தாறு படிகளுக்குமேல் அவர் அச்சிட்டதில்லை, சிலவற்றில் ஒன்றிரண்டே. அச்சு என்றாலே பல படிகள் என்பதுதானே அதன் இயல்பு? அந்த இயல்பை அவர் மறுத்தார். ஒவ்வொரு படியும் பலகையோடு புதிதாக ஒருமுறை பேசிப் பெற வேண்டியதாக அவருக்கு இருந்தது.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லாமல் போகக்கூடாது. ஒன்சியின் படங்களில் மிகப் புகழ்பெற்றது 1943இல் அவர் செய்த ஹகிவராவின் முகம். கவிஞர் முந்தைய வருடம் இறந்திருந்தார். உழுதுபோட்ட நிலம்போல் சுருக்கங்கள். கண்கள் எங்கோ கீழே, உள்ளே. அந்தப் படத்தின் படிகள் பலவற்றை அச்சிட்டது ஒன்சி அல்ல. அவரே அச்சிட்டவை சில. பின்னாளில் அதே பலகைகளிலிருந்து செகினோ ஜுன்இச்சிரோவும், ஒன்சி இறந்த பிறகு ஹிராய் கோஇச்சியும் அச்சிட்டார்கள். தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சிடுவது என்ற முழக்கத்தின் தலைமகனுடைய தலைசிறந்த படம் இன்னொருவர் கையால்தான் பலரைச் சென்றடைந்தது. இதைக் குறையாகக் காட்டிப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. செகினோவும் ஹிராயும் கூலிக்கு அச்சிட்டவர்கள் இல்லை. ஒன்சியைச் சுற்றி இருந்தவர்கள், தாங்களும் செதுக்குபவர்கள். ‘தானே’ என்ற அந்தச் சொல் ஒருவரைவிடப் பெரிதாகிவிட்டிருந்தது.

1939 முதல் மாதந்தோறும் முதல் வியாழக்கிழமை ஒன்சியின் வீட்டில் அவர்கள் கூடுவார்கள். கூட்டத்தின் பெயரும் அதுவே: ‘இச்சிமொகுகாய்’, முதல் வியாழன் சங்கம். போர் முற்றிய காலத்தில் தாள் பங்கீட்டில் வந்தது, நிறம் கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் அரசுக்குத் துணையாக அமைக்கப்பட்ட அச்சோவியர் அமைப்புக்கு ஒன்சி தலைமை ஏற்றார் என்பதையும் இங்கே பதிந்துவிட வேண்டும். அதே நாட்களில், 1944இல், சங்கத்தார் ஒவ்வொருவரும் தம் படத்தைத் தாமே தேவையான படிகள் அச்சிட்டுக் கொண்டுவர, அவற்றை அடுக்கி ஒரு தொகுப்பாக்கினார்கள். 1950 வரை ஆறு தொகுப்புகள். விற்றுச் சம்பாதிக்கும் எண்ணம் இதில் இல்லை. நான் உனக்கு ஒரு படம் தருகிறேன், நீ எனக்கு ஒன்று தா. குண்டு விழும் நகரத்தில் அவர்கள் செய்துகொண்டிருந்தது இந்தப் பரிமாற்றம்.

நகரம் எரிந்துபோன பிறகு, 1945 டிசம்பரில், ஒன்பது பேர் சேர்ந்து 15 படங்கள் கொண்ட தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். இல்லாமல் போய்விட்ட டோக்கியோவின் காட்சிகள். அவர்களில் சிலர் 1929க்கும் 1932க்கும் நடுவே, பெரும் நிலநடுக்கம் ஒன்றில் இடிந்து மீண்டும் எழுந்த டோக்கியோவை நூறு படங்களில் செதுக்கியவர்கள்: புதுப் பாலங்கள், சுரங்க ரயில், சினிமாக் கொட்டகை, கஃபே. அப்போது புதிதாகப் பிறந்ததைச் செதுக்கிய கைகள், சுமார் பதினைந்து ஆண்டுகளில் அதே காட்சிகள் சிலவற்றை மறுபடி செதுக்கின. கல்லறைக்குப் பெயர் வெட்டுவதுபோல.

பெண்கள் இந்த வரலாற்றின் ஓரத்திலேயே நெடுநாள் நிறுத்தப்பட்டார்கள். 1956இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டவர்களில் இவமி ரெய்கா இருந்தார். கடலில் அடித்துவந்த மரத்துண்டின் ரேகையையே அவர் அச்சுப் பலகையாக்கினார். அலையை அவர் செதுக்கவில்லை. அலை அரித்த மரத்தை அப்படியே தாளில் எழ வைத்தார்.

இனி முனகதா ஷிகோவிடம் வரவேண்டும். இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியதே அவருக்காகத்தான்.

1903இல் வடகோடி அஓமோரியில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். கண்பார்வை சிறு வயதிலேயே மோசம். இதழ் ஒன்றில் அச்சாகியிருந்த வான்கோவின் சூரியகாந்தியைப் பார்த்து, தானும் வான்கோ ஆகப் போவதாகச் சொல்லிக்கொண்டு 1924இல் டோக்கியோவுக்கு வந்தவர். எண்ணெய் ஓவியம்தான் கனவு. ஆனால் வான்கோவே ஜப்பானின் மர அச்சுகளை வியந்து சேகரித்தவர் அல்லவா? இதை யோசிக்க யோசிக்க அவர் மனம் திரும்பியது. 1926இல் கவகமி சுமியோவின் ‘இளவேனிற் காற்று’ என்ற அச்சோவியத்தைப் பார்த்தது கடைசி உந்துதல். காற்றாகிவிட ஏங்கும் ஒரு கவிதையும், ஆடை பறக்க நடக்கும் பெண்ணும் ஒரே பலகையில் இருந்த படம் அது. ஹிராட்சுகா உன்இச்சியிடம் உளி பிடிக்கக் கற்றுக்கொண்டார்.

அவர் செதுக்குவதைப் படம்பிடித்திருக்கிறார்கள். மூக்கு பலகையில் உரசுகிறது. மூக்குக்கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. உளி நின்று யோசிப்பதே இல்லை. நாய் மோப்பம் பிடித்து ஓடுவதுபோல் ஓடுகிறது. பலகையைத்தான் திருப்பித் திருப்பிப் பிடிக்கிறார். முழுப் படமும் ஒரே பார்வையில் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. உளி இருக்கும் இடம் மட்டுமே உலகம். தூரத்தில் நின்று பார்த்துத் திருத்துகிற வசதி இல்லாதவர், அருகில் இருப்பதை நம்பியாக வேண்டும். அந்த நம்பிக்கைதான் அவர் படங்களில் அடர்த்தியாகத் ததும்புகிறது.

1942இல் அவர் ஒரு சொல்லை மாற்றினார். ஹன்கா என்பதன் முதல் எழுத்து அச்சைக் குறிப்பது. அதை எடுத்துவிட்டு, பலகையைக் குறிக்கும் எழுத்தை வைத்து ‘பன்கா’ என்று எழுதினார். பலகைச் சித்திரம். கனயேயின் தலைமுறை ‘தான்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொடங்கியது. முனகதா அந்தத் தானைப் பலகையின் காலடியில் வைத்துவிட்டார். தன் வேலைக்குத் தான் பொறுப்பில்லை என்றே அவர் சொல்லி வந்தார். தட்டிக்கழிக்கிற பேச்சு அல்ல அது. உள்ளே இருப்பதை வெளியே வர விடுவது மட்டுமே தன் வேலை என்ற விசுவாசம்.

நிறத்தையும் அவர் மறைவிலிருந்தே வரவழைத்தார். கறுப்பில் அச்சிட்ட மெல்லிய தாளைத் திருப்பிப் போட்டு, முதுகுப் பக்கத்தில் தூரிகையால் நிறம் தடவுவார். நிறம் தாளின் உடம்பு வழியாகக் கசிந்து முன்பக்கம் மங்கலாக எழும். யனகி சோஎட்சு சொல்லிக் கொடுத்த யோசனை அது. நாட்டுப்புறக் கைவினைக்காக வாழ்ந்த யனகிதான் 1936இல் முனகதாவின் படச்சுருளை வாங்கி அவரை உலகத்துக்கு முன் நிறுத்தியவர். முன்னால் பூசிய நிறம் சொல்லும், பின்னாலிருந்து வருவது நினைவுபடுத்தும். இந்தப் படங்களில் கன்னத்துச் சிவப்பு வெட்கம் ஏறுவதுபோலத்தான் ஏறுகிறது.

1939இல் அவர் செதுக்கிய படம், சாக்கியமுனியின் பத்துச் சீடர்களும் இரு போதிசத்துவர்களும். ஆளுக்கொரு பலகை, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம். சாரிபுத்தர், மௌத்கல்யாயனர், ஆனந்தர், மகாகாசியபர் என்று நமக்கும் பழக்கமான பெயர்கள். பலகையில் ஓர் அங்குலத்தையும் வீணாக்க அவருக்கு மனமில்லை. உச்சந்தலை மேல் விளிம்பை முட்டுகிறது, பாதங்கள் கீழ் விளிம்பில் நிற்கின்றன, தோள்கள் இருபக்கமும் இடிக்கின்றன. பலகைக்கு வெளியே போக வழியில்லாததால் உடல்கள் உள்ளுக்குள் வளைகின்றன. ஒருவர் கழுத்தைச் சாய்க்கிறார், ஒருவர் கைகளை மார்போடு சேர்க்கிறார். அவர்கள் நிற்கும் விதத்தைப் பலகையின் அகலம்தான் தீர்மானித்திருக்கிறது. ஆனால் பார்க்கிறவருக்கு அது தியானத்தின் இறுக்கமாகத் தெரிகிறது.

1945 மே மாதக் குண்டுவீச்சில் டோக்கியோவில் முனகதாவின் வீடு எரிந்தது. குடும்பம் அதற்குள் தோயமா மாவட்டத்தின் ஃபுகுமிட்சுவுக்குப் போய்விட்டிருந்தது. விட்டுவிட்டுப் போன பலகைகள் அநேகமாக எல்லாம் சாம்பல். சீடர்களின் பலகைகள் தப்பியதற்குச் சொல்லப்படும் காரணம் ஒரு நாற்காலி. அவர் ஆசையாக வைத்திருந்த நாற்காலியை ஊருக்கு அனுப்பும்போது வழியில் அடிபடாமலிருக்க, அதைச் சுற்றி அந்தப் பலகைகளை வைத்துக் கட்டியிருந்தார்களாம். சாரிபுத்தரும் ஆனந்தரும் நாற்காலிக்கு அண்டக் கொடுத்தபடி ரயிலேறிப் போனார்கள்.

இரு போதிசத்துவர்களும் போகவில்லை. அவர்கள் எரிந்தார்கள். 1948இல் முனகதா புதுப் பலகைகளை எடுத்து அந்த இருவரையும் மறுபடி செதுக்கினார். ஒன்பது வருடம் கழிந்திருந்தது. ஒரு போர் நடந்து முடிந்திருந்தது. கையும் அதே கை இல்லை. பழையதை அப்படியே நகலெடுக்க அவர் முயலவில்லை. 1955இல் சாவ்பாலோவில் இந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. பன்னிரண்டு பேரையும் இரு மடிப்புத் திரைகளில் வரிசையாக ஒட்டி நிறுத்துவது வழக்கம். நடுவே நாற்காலியோடு பயணம் போய்த் தப்பிய பத்துப் பேர். இரண்டு ஓரங்களிலும், நெருப்புக்குப் பிறகு வேறு மரத்திலிருந்து வந்த இருவர். பன்னிரண்டு பேரின் கறுப்பும் ஒரே கறுப்புதான்.